முகத்தை எங்கே வைத்துக்கொள்வது

ஜான்சி மேடம் அந்தப் புத்தகத்தை நடத்த ஆரம்பித்த முதல் வாரம் ராஜாமணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். புத்தகத்தின் மேல் அவனுக்குக் கோபம் ஒன்றும் இல்லை, இங்கிலீஷின் மேல்தான். சிதம்பரத்தில் பி.ஏ. இங்கிலீஷில் சேர்ந்ததே வேறு எதிலும் சீட்டு கிடைக்காததால்தான். புவனகிரியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு ஊரிலிருந்து வந்து, அரசு விடுதியில் தங்கிப் படிக்கிற அவனுக்கு ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று.

அது ஒரு பெண் எழுதிய சுயசரிதை. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, இளம் வயதில் விடுதலையாகி, தலை நரைத்த பிறகு உட்கார்ந்து எழுதியது. மேடம் ஒரு பத்தியை இங்கிலீஷில் வாசிப்பார். பிறகு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே தமிழில் கதையாகச் சொல்வார். வகுப்பில் எல்லோரும் அவளை "அந்தம்மா" என்றே சொன்னார்கள்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று மேடம் கேட்பார்.

"காட்டு வேலையிலேருந்து வீட்டு வேலைக்கு மாத்திட்டாங்க மேடம்" என்று யாராவது சொல்வார்கள், ஏதோ பக்கத்துத் தெருவில் இருக்கிறவளைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

ஒருநாள், அந்தம்மா சின்னப்பெண்ணாக ஆட்டுக் கொட்டகையில் படுத்துக் கிடந்த பகுதி வந்தது. மழை வரப்போகிறது என்பதை ஆட்டின் ரோமத்திலிருந்து வரும் வாசனையிலேயே தெரிந்துகொள்வேன் என்று எழுதியிருந்தாள். மேடம் தமிழில் சொல்வதற்கு முன்பே ராஜாமணிக்கு அது புரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் வேப்பமரம் அவன் கண்ணில் படவில்லை. விடுதியில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வகுப்பு நடக்கிற இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

அப்படிப் போனவன் ஒரு அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டான். போர்க்காலத்தில் அந்தம்மா இருந்த ஊருக்குப் படைகள் தீ வைத்துவிடுகின்றன. ஊரே எரிகிறது. ஏகப்பட்ட பேர் சாகிறார்கள். எஜமானன் வீடும் எரிகிறது. அந்தக் குழப்பத்துக்குள்தான் அவள் வாசலைத் தாண்டி நடக்கிறாள். அன்றைக்கு யாரும் அவளைத் தடுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் ஊர் கூடி அழுகிறது. 'எல்லோரும் அழும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

ராஜாமணி புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்து அதே வரியை மறுபடி வாசித்தான்.

அவன் ஐந்தாவது முடித்த கோடையில் அவனை வாத்துக்காரரிடம் விட்டார்கள். அம்மா விருத்தாம்பாளுக்கு வயிற்றில் ஆபரேஷன். அப்பா உத்திராபதிக்குக் கரும்பு வெட்டப் பெண்ணாடம் பக்கம் போனால்தான் கூலி. கலியமூர்த்தி என்கிற வாத்துக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்பணம் கொடுத்துப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார். "பொங்கலுக்கு வந்துடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பொங்கல் என்று யாரும் கேட்கவில்லை.

வாத்துக்கு ஊர் கிடையாது. அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடக்கிற நெல்லைத் தேடி அது போய்க்கொண்டே இருக்கும், அதன் பின்னால் பையனும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில், வீராணத்துக் கரை என்று அவன் நடந்த ஊர்களுக்கு அப்போது அவனுக்குப் பெயர் தெரியாது. ராத்திரி வலை கட்டிய பட்டிக்கு வெளியே சாக்கை விரித்துப் படுப்பான். விடிவதற்குள் முட்டைகளைப் பொறுக்கிக் கூடையில் வைக்கோல் போட்டு அடுக்குவான். அத்தனை முட்டையில் ஒன்றைக்கூட வாயில் வைத்தது கிடையாது. நரி தூக்கிக்கொண்டு போன வாத்துக்கெல்லாம் அவன் முதுகுதான் பதில் சொன்னது. சேற்றுப்புண் வந்து கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிருக்கும். ஆனாலும் அவனுக்கு வாத்துகளைப் பிடிக்கும். குளிர் காலத்தில் ஒன்றிரண்டு வலைக்குள்ளிருந்தே அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு படுக்கும். அந்தச் சூடு இன்னும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது பொங்கலும் போய் மூன்றாவது பொங்கல் வர இருந்த மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளைக்கு இந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தார்கள். கடலுக்கு ஓடவேண்டிய வாய்க்கால் தண்ணீர் மேட்டைப் பார்த்து ஏறி வந்தது. முதலில் வாத்துகள்தான் மிதந்தன. "வாத்தைப் பிடிடா, வாத்தைப் பிடிடா" என்று கலியமூர்த்தி கத்திக்கொண்டே தண்ணீருக்குள் ஓடினார். ராஜாமணி ஓடவில்லை. முதன்முதலாக அவர் சொன்னதைச் செய்யாமல் திரும்பி, ரோட்டைப் பார்த்து ஓடினான்.

தப்பி வந்த எல்லோரையும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பெயர் எழுதிக்கொண்டு வந்த ஒரு அதிகாரியம்மா, "உன்கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். யாருமில்லை. "எந்த ஸ்கூல்?" எந்த ஸ்கூலும் இல்லை. அவன் காலைப் பார்த்தார், சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். மறுநாள் கலியமூர்த்தி தேடிக்கொண்டு வந்தபோது, "இந்தப் பையன் உங்ககூட வரமாட்டான்" என்று சொல்லிவிட்டார்.

அவனைக் கடலூரில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே இருந்த மற்றவர்கள் எல்லாம் அலையில் அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்தவர்கள். முதல் நாள் மத்தியானம் எல்லோர் தட்டிலும் அவித்த முட்டை வைத்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் அழுதுகொண்டே தன் தட்டை இவன் பக்கம் தள்ளிவிட்டாள். இவன் இரண்டு முட்டையையும் தின்றான். அவ்வளவு ருசியாக இருந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்றான்.

கொஞ்ச நாளில் அம்மாவும் அப்பாவும் வந்து பார்த்தார்கள். பள்ளிக்கூடம், ப்ளஸ் டூ, காலேஜ் என்று நாள் ஓடிவிட்டது. வாத்து மேய்த்த கதையை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கடலூர் ஜில்லாவில் இருந்துகொண்டு, அந்த அலை எனக்கு நல்லது செய்தது என்று எவனால் வாய் திறந்து சொல்ல முடியும்?

டிசம்பர் முதல் வாரத்தில் ஜான்சி மேடம் சொன்னார்: "அந்தம்மா கதையில ஏதாவது ஒரு இடத்தை எடுத்துக்கிட்டு, அது உங்க வாழ்க்கையைத் தொடுதான்னு பாருங்க. அஞ்சு நிமிஷம் பேசணும். தமிழ்லயே பேசலாம். இன்டர்னல் மார்க் உண்டு."

செந்தமிழ்செல்வன் எழுந்து விடுதி வார்டனை எஜமானனோடு ஒப்பிட்டுப் பேசினான். வகுப்பே சிரித்தது. அடுத்து எழிலரசி எழுந்தாள். தேவனாம்பட்டினத்துக்காரி. தினமும் கடலூரிலிருந்து ரயிலில் வந்துபோகிறவள். ராஜாமணிக்கு நோட்ஸ் கொடுப்பவளும், விடுதிச் சாப்பாட்டுக்குக் குழம்பு கொண்டுவந்து தருகிறவளும் அவள்தான்.

"அந்தம்மாவுக்கு அவுங்க அம்மா முகம் மறந்துபோச்சுன்னு எழுதியிருக்காங்க மேடம்" என்றாள். "எங்க அம்மா சுனாமியில போயிட்டாங்க. எனக்கு முகம் மறக்கல, வீட்ல போட்டோ இருக்கு. குரல்தான் மறந்துபோச்சு. என்னைத் திட்டுவாங்க, அது நல்லா ஞாபகம் இருக்கு. என்னா சொல்லித் திட்டுவாங்கன்னுகூட ஞாபகம் இருக்கு. எந்தக் குரல்ல திட்டுனாங்கன்னு தெரியல. அந்த அலை மேல எனக்கு இன்னும் கோவம் போகல மேடம். கடலு மேல இல்ல. கடலு சோறு போடுது. அந்த ஒரு அலை மேலதான்."

மேடம் அவள் தோளில் கைவைத்து உட்கார வைத்தார். பிறகு, "ராஜாமணி?" என்றார்.

அவன் எழுந்து நின்றான். மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு நாக்கு வரைக்கும் வந்தது. முன் பெஞ்சில் எழிலரசி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தோணல மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

சாயங்காலம் சிதம்பரம் ஸ்டேஷனில் எழிலரசி அவனைப் பிடித்துக்கொண்டாள். அவளை ரயிலேற்றிவிட அவன் வருவது வழக்கம்.

"புக்கு பூரா கோடு போட்டு வச்சிருக்க. ஒண்ணும் தோணலையா உனக்கு?"

"இல்ல."

"சரி, விடு. இருபத்தாறாம் தேதி வீட்டுக்கு வா. ஞாயித்துக்கெழமதான். அம்மாவுக்குப் பால் ஊத்துவோம். அப்பாவும் உன்னைப் பாக்கணும்னாரு."

"வேலை இருக்கு எழில்."

"லீவுல உனக்கு என்னா வேலை? போன வாரம் கேட்டப்பவும் இதையேதான் சொன்ன." அவள் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டுக்கு வர்றதுல உனக்கு என்னா கஷ்டம்? சொல்லேன்."

பொய் சொல்ல ராஜாமணிக்குக் கூசியது. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வாத்துக்காரர், முதுகு, வாய்க்கால், இல்லத்தில் தின்ற முட்டை எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் கொட்டினான். "அன்னிக்கு அந்தத் தண்ணி வரலைன்னா நான் இன்னும் வாத்து பின்னாடிதான் போயிகினு இருப்பேன். அந்த நாள் எனக்கு விடுதலை கெடைச்ச நாள். அங்க வந்து, உங்க எல்லார் நடுவுல, எந்த மூஞ்சிய வச்சிகினு நிப்பேன் நான்?"

ரயில் வந்து நின்றது. எழிலரசி ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். ரயில் நகர்கிற வரைக்கும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு கல்லூரியிலும் அவள் அவனிடம் பேசவில்லை. நோட்ஸை வேறொரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். கிறிஸ்துமஸ் லீவு விட்டார்கள். ராஜாமணி ஊருக்குப் போனான். வெறுமனே படுத்துக் கிடந்தான். சொல்லியிருக்கக் கூடாது என்று ஒரு நேரம் தோன்றும், சொல்லாமல் அவள் குழம்பை எத்தனை நாள் தின்பது என்று இன்னொரு நேரம் தோன்றும்.

இருபத்தாறாம் தேதி காலையில், யாரும் கூப்பிடாமலேயே, புவனகிரியில் கடலூர் பஸ் ஏறினான்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் நல்ல கூட்டம். பந்தல் போட்டு வரிசையாகப் படங்கள் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பெண்கள் செம்பிலும் தூக்கிலும் பால் கொண்டுவந்து கரையில் உட்கார்ந்து அழுதார்கள். ராஜாமணி கரையேற்றி வைத்த ஒரு படகின் பின்னால் நின்றான்.

எழிலரசிதான் அவனைப் பார்த்தாள். அழுது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஈரப் பாவாடையோடு நேராக அவனிடம் வந்தாள்.

"வந்துட்டியா?"

"போயிடட்டுமா?"

"வந்தவன் ஏன் போவணும்?" படகில் சாய்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்: "அந்த வாத்துங்கல்லாம் என்னா ஆச்சு?"

அவன் எதிர்பார்க்காத கேள்வி. "தெரியல. கொஞ்சம் அவருக்குக் கெடைச்சிருக்கும். மீதி மெதந்துகினே எங்கயாவது போயிருக்கும்."

"அதுங்களுக்கு நீந்தத் தெரியுமே."

"நல்லாத் தெரியும்."

"ரயில்ல ஊரு வரைக்கும் அழுதுகினே போனேன் அன்னிக்கு" என்றாள். "உன்மேல கோவமா, யார் மேல கோவம்னே தெரியல. ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். விடிஞ்சதும், அந்தப் புள்ளைய எப்ப கூட்டிட்டு வர்றன்னு கேட்டாரு. எனக்குத்தான் உன்கிட்ட வந்து பேச இவ்வளவு நாளாச்சு."

அவள் அப்பா சுப்பராயலு கரையில் நின்றிருந்தார். கறுத்து இறுகிய உடம்பு. ராஜாமணி "ஐயா" என்று கும்பிட்டான்.

"ஐயாவா? நான் என்ன தாசில்தாரா? மாமான்னு கூப்பிடு." கையிலிருந்த செம்பைக் காட்டினார். "இன்னும் கொஞ்சம் பால் இருக்கு. நீயும் ஊத்து."

அவன் தயங்கினான். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கு நான் உள்ள இருந்தேன் தம்பி. நடுக்கடல்ல ஒண்ணுமே தெரியாது. படகுக்கு அடியில அது போனப்ப லேசா தூக்கி எறக்குச்சு, அவ்வளவுதான். வலை நெறைய மீனு. நானும் மச்சானும் பாட்டு பாடிகினு இழுத்துகினு இருந்தோம். இங்க இவ அம்மா போயிகினு இருக்கா, நான் அங்க பாடிகினு இருந்திருக்கேன். இத நான் இவகிட்டகூட ரொம்ப நாள் சொல்லல. என்னா பண்றது? நமக்கா தெரியும்?"

எழிலரசி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜாமணி செம்பை வாங்கி முழங்கால் தண்ணீரில் இறங்கினான். பார்த்தேயிராத அந்த அம்மாவுக்குப் பால் ஊற்றினான். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அந்த அம்மாவுக்காகவா, வாத்துப் பட்டிக்குப் பக்கத்தில் சாக்கில் படுத்துக் கிடந்த பையனுக்காகவா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழிலரசியின் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னான். உத்திராபதி களத்துமேட்டில் உட்கார்ந்து அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, காலேஜுல ஒரு புக்கு நடத்துறாங்க. அதுக்கு என் கதைய பேசப் போறேன். வாத்து மேய்ச்சது."

உத்திராபதியின் கை நின்றுவிட்டது. "என்னைப் பத்தி என்னா சொல்லப் போற? வித்துட்டான்னா?"

"அந்தம்மாவத்தான் வித்தாங்கப்பா. சந்தையில நிக்க வச்சு. என்னை நீ விக்கல."

"விட்டேன்ல. ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு சொன்னார்: "பொங்கலுக்குப் பொங்கல் தேடினேன் உன்னை. கரும்பு வெட்டுல ரெண்டு நாள் லீவு கேட்டு வாங்கிகினு, சைக்கிள்ல. மொத வருசம் சேத்தியாத்தோப்பு. அடுத்த வருசம் வீராணத்துக் கரை பூரா சுத்துனேன். எங்க போயி கேட்டாலும், வாத்து நேத்துதான் போச்சுன்னுவான். ஒரு வயல்ல எறகு கெடந்துச்சு. ஈரம்கூட காயல. சின்னக் கால்தடம் இருந்துச்சு. உன்னுதுதானோன்னு பக்கத்துல உக்காந்துகினு இருந்தேன்."

"இத ஏம்ப்பா சொல்லவே இல்ல?"

"கண்டுபுடிச்சிருந்தா சொல்லலாம். புடிக்காதத என்னான்னு சொல்றது?"

அவன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அரிவாளை வாங்கிப் பிடியை மரக்கட்டையால் தட்டி இறுக்கிக் கொடுத்தான். விருத்தாம்பாள் பொங்கல் பானை வைத்துவிட்டுக் கூப்பிடுகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.

லீவு முடிந்ததும் ஜான்சி மேடத்திடம் போய், இப்போது பேசலாமா என்று கேட்டான். மார்க் எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று என்றார் மேடம். "மார்க்குக்கு இல்ல மேடம்" என்றான். அன்றைக்கே மூன்றாவது பீரியடை அவனுக்குக் கொடுத்தார்.

அந்தம்மா எழுதிய அந்த வரியை முதலில் இங்கிலீஷில் வாசித்தான். அங்கங்கே தடுக்கியது. பிறகு தமிழில் பேசினான். வாத்துகளைப் பற்றி, அலையைப் பற்றி, முட்டையைப் பற்றி, ஈரம் காயாத வயலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பற்றி. "நானும் அந்தம்மாவும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன் மேடம். அவுங்க பட்டது ரொம்ப ஜாஸ்தி. என்னைத் தேடிகினு ஒருத்தர் சைக்கிள்ல வந்தாரு. அவுங்களைத் தேடி வர்றதுக்கு யாரையும் விட்டு வைக்கல. ஆனா அந்த ஒரு நாளு மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்துச்சு" என்று முடித்தான். ஐந்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. ஜான்சி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

செந்தமிழ்செல்வன்தான் முதலில் கையைத் தூக்கினான். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம்.

"மச்சான், அவ்வளவு வாத்தையும் எப்படிடா கூப்பிடுவ?"

ராஜாமணி மேடத்தைப் பார்த்தான். மேடம் புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டுத் தலையசைத்தார். அவன் இரண்டு கையையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து, "தாஆ... தா தா தா... தாஆ..." என்று கூப்பிட்டான். பக்கத்து வகுப்பு வாத்தியார் என்னவோ ஏதோ என்று வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. முன் பெஞ்சில் எழிலரசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு தடவ கூப்பிடு" என்றாள். கூப்பிட்டான்.